தோண்டாமல் படித்தறிதல்: பெருங்கற்காலக் கல்லறைகளை இனங்காணவும் பதிவு செய்யவும் ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டின் மலையடிவாரப் புறம்போக்குகளிலும் ஏரிகளை ஒட்டிய சரளை மேடுகளிலும், ஆடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும் நாள்தோறும் கடந்து செல்லும் கல்வட்டங்கள் ஏராளமாக உள்ளன. இறந்தவர்களுக்குப் பெரிய கற்களால் சின்னம் எழுப்பிய பெருங்கற்காலத்தின் கல்லறைகள் இவை. அவற்றுள் ஒரு பகுதியே தொல்லியல் துறையின் பட்டியலில் ஏறியிருக்கிறது. எஞ்சியவை கல்லுடைப்புக்கும் மனைப்பிரிவுக்கும் ஜேசிபி எந்திரத்துக்கும் ஆண்டுதோறும் இரையாகின்றன. பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவர், சொந்த ஊரின் பழமையில் ஆர்வம் உள்ளவர் என எவரும் அத்தகைய ஓர் இடத்தைச் சரியாக இனங்கண்டு, அங்கே மேற்பரப்பில் தெரிவதை முறையாகக் குறித்து, உரியவர்களுக்குத் தெரிவிக்க முடியும். அதற்கான வழிமுறையை இக்கட்டுரை சொல்கிறது.

தோண்டும் முறை இதில் இடம்பெறவில்லை. சட்டம் அதைத் தடுக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஆதிச்சநல்லூரில் இருக்கிறது. பெர்லினிலிருந்து வந்த யாகோர் 1876இல் அங்கே தோண்டியெடுத்த பானைகளும் இரும்புக் கருவிகளும் கப்பலேறி அந்நகர அருங்காட்சியகத்துக்குப் போயின. பின்னர் 1899 முதல் அங்கே அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ, பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கல உருவங்களையும் சேகரித்ததோடு நில்லாமல், இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கியபடி இருந்தன என்பதையும் குறித்து வைத்தார். இழவுக்கு வந்தவர்கள் அவற்றைத் தாழியை (இறந்தவரைப் புதைக்கப் பயன்பட்ட பெரிய மண்பானையை) சுற்றியிருந்த மண்ணில் குத்தி நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். அப்படி நின்ற ஓர் ஈட்டியை யாரோ ஒருவர் பிடுங்கி வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டு மட்டுமே. அது நின்ற நிலை தெரிந்ததால்தான் ஒரு சாவுச் சடங்கின் ஒரு கணம் நமக்குத் தெரிய வருகிறது. கல்லறையில் பொருளைவிட, பொருள் இருந்த இடமும் கிடந்த நிலையும் எதன் பக்கத்தில் எது என்பதுமே பெரிய சான்று. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வழிமுறையும் அந்தச் சான்றைக் கலைக்காமல் பார்ப்பதற்கானது.

போவதற்கு முன்

முதலில் ஊர்ப்பெயர்களையும் நிலப்பெயர்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கற்களைக் கட்டியவர்கள் யார் என்ற நினைவு மக்களிடம் அற்றுப்போன பிறகு, கதைகள் அந்த இடத்தை நிரப்பியிருக்கின்றன. பாண்டவர் வீடு, பாண்டியன் குழி, வாலியர் வீடு, குள்ளர் வீடு, குரங்குப்பட்டடை போன்ற பெயர்கள் ஓர் ஊரில் வழங்கினால், அங்கே பெரும்பாலும் பலகைக்கற்களால் கட்டிய ஈம அறைகளான கற்பதுக்கையோ கல்திட்டையோ இருக்கும் அல்லது ஒரு காலத்தில் இருந்திருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில், குன்றின் மேல் நூற்றுக்கணக்கில் நிற்கும் கல்திட்டைகளை மக்கள் மோரியர் வீடு என்றே சொல்கிறார்கள். தென்மாவட்டங்களில் பரம்பு, திரடு என்ற சொற்களைக் கவனியுங்கள். ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் தாழிகள் கிடைத்தது பரம்பு எனப்படும் சரளை மேட்டில். மக்கள் வாழ்ந்த இடங்கள் அருகிலுள்ள திரடு எனப்படும் மேடுகளில் இருந்தன.

கேட்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. புதையல், பொன் என்ற பேச்சே எழக்கூடாது. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து புதைகுழியைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார் என்ற செய்தி பரவினாலே, சில நாட்களில் இரவோடிரவாக மூடுகல்லைப் புரட்டிப் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பழைய கல் எங்கே இருக்கிறது, சாமி கல் எங்கே இருக்கிறது என்று கேட்பதே போதும். ஆடு மேய்ப்பவருக்குத் தெரியாத கல் அந்த வட்டாரத்தில் இருக்காது.

நிலம் பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் அனுமதி வேண்டும். புல் காய்ந்து தரை தெரியும் மாசி, பங்குனி மாதங்கள் கற்களின் அமைப்பைப் பார்க்க ஏற்றவை. மழை முடிந்தவுடன் போனால் நீர் அரித்து வெளிக்கொணர்ந்த பானை ஓடுகள் கண்ணில் படும். ஆகவே ஓர் இடத்துக்கு இரண்டு பருவத்திலும் செல்வது நல்லது. காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் தரையின் மேடுபள்ளம் நிழலாக விழுவதால், மண்ணில் பாதி மூழ்கிய வட்டம் நடுப்பகலில் தெரியாவிட்டாலும் அப்போது தெரியும். மூடுகல்லின் இடுக்கில் கையை விடாதீர்கள். பாம்புகளுக்கு அதைவிடக் குளிர்ச்சியான இடம் வேறு இல்லை.

கற்களைப் படித்தல்

பெருங்கற்கால ஈமச்சின்னங்களை வகைப்படுத்தும் முறை 1949இல் வி.டி. கிருஷ்ணசுவாமி வகுத்ததன் அடிப்படையில்தான் இன்றும் தென்னிந்தியாவில் வழங்குகிறது. வகைகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, எதிரில் இருப்பது நிலத்துக்கு மேலே கட்டப்பட்டதா, கீழே கட்டப்பட்டதா என்று முதலில் கேட்டுக்கொள்வது பயனளிக்கும். பலகைக்கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடி, அறை முழுவதும் தரைக்கு மேலே தெரியுமாறு கட்டப்பட்டது கல்திட்டை. அதே அறையை மண்ணுக்குள் குழி வெட்டிக் கட்டியிருந்தால் கற்பதுக்கை. பாதி உள்ளே, பாதி வெளியே இருப்பவையும் உண்டு. பெயர் எது என்ற வாதத்தில் நேரத்தைச் செலவிடாமல், எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதை அளந்து எழுதிவிடுங்கள்.

நீங்கள் அதிகமாகக் காணப்போவது கல்வட்டம். உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கியிருப்பார்கள். குறுக்களவு பெரும்பாலும் 5 முதல் 15 மீட்டருக்குள் இருக்கும். வட்டத்தின் நடுவில் சிறு கற்கள் குவிந்து மேடு தட்டியிருந்தால் அது கற்குவையுடன் கூடிய வட்டம். வட்டம் என்பது வேலி மட்டுமே. புதைப்பு அதன் நடுவில், கீழே இருக்கிறது. அங்கே இருப்பது கற்பதுக்கையாக இருக்கலாம், தாழியாக இருக்கலாம், கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழையாகவும் இருக்கலாம். மேலிருந்து பார்த்து எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நடுவில் பலகைக்கல்லின் விளிம்பு நேர்க்கோடாகத் தரையில் தெரிந்தால் கற்பதுக்கை என்று ஊகிக்கலாம், அவ்வளவே.

கற்பதுக்கையின் பலகை விளிம்புகள் தெரியும் இடத்தில் சற்று நேரம் நின்று பார்ப்பது பலன் தரும். நான்கு பலகைகளும் பெட்டியின் மூலைபோல் முனையோடு முனை சேர்ந்திருப்பதில்லை. ஒவ்வொரு பலகையும் ஒரு முனையில் அடுத்த பலகையின் முகத்தில் முட்டி நிற்கும். மறுமுனையில் தன்னை முட்டும் பலகையைத் தாண்டி வெளியே நீளும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம் கிடைக்கும். இதை மங்கலச் சின்னம் என்று விளக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து மண் அழுத்தும்போது பலகைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் சுவர் உட்பக்கமாகச் சரிவதில்லை. சுண்ணமோ சாந்தோ இல்லாமல் கட்டிய அறை இத்தனை நூற்றாண்டுகள் நிற்பதற்கு இந்த முட்டுக்கொடுப்பே காரணம்.

அடுத்துத் தேட வேண்டியது இடுதுளை. பெரும்பாலும் கிழக்குப் பலகையில் வட்டமாகவோ, சரிவகமாகவோ, மேல்விளிம்பில் வெட்டிய பிறை போலவோ ஒரு துளை இருக்கும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில், துளைக்கு முன்னால் இரு பக்கமும் கற்களை நிறுத்தி வாயில் வழிபோல் அமைத்திருக்கிறார்கள். அறையை மூடிய பின்னும் உள்ளே எதையோ இட, அல்லது உள்ளிருப்பவரோடு தொடர்பை வைத்துக்கொள்ள அந்தத் துளை பயன்பட்டிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். துளையின் திசையைத் திசைகாட்டி கொண்டு குறியுங்கள். கிழக்கு என்று பொதுவாக எழுதாமல் பாகையில் எழுதுவது நல்லது; ஒரே ஈமக்காட்டில் இருபது துளைகளின் திசை கிடைத்தால், சூரியன் உதிக்கும் திசை ஆண்டு முழுவதும் மாறுவதோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பின்னால் வருபவருக்கு அது உதவும்.

குத்துக்கல் எனப்படும் நெடுங்கல் தனித்தும் நிற்கும், வட்டத்தோடு சேர்ந்தும் நிற்கும். திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரிலும் விழுப்புரம் மாவட்டத்து உடையார்நத்தத்திலும், தோளும் உடலும் போல் செதுக்கப்பட்ட பெரிய பலகைக்கற்கள் கல்வட்டத்தில் நிற்கின்றன; இவ்வகை மிக அரிது. குடைக்கல்லும் தொப்பிக்கல்லும் கேரளத்துக்கு உரியவை. திருச்சூர் வட்டாரத்துச் சேரமனங்காட்டில் அவற்றைக் காணலாம். கல்திட்டைகளின் உட்சுவரில் வெள்ளை நிற ஓவியங்கள் மல்லசந்திரத்தில் இருப்பதுபோல் வேறு இடங்களிலும் இருக்கக்கூடும். கண்ணில் பட்டால் தண்ணீர் தெளித்துத் துலக்க முயல வேண்டாம்.

தாழிக்காடுகள்

ஆற்றங்கரைச் சமவெளியில் பெரிய கல் கிடைக்காத இடங்களில் தாழிகளே மிகுதி. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர், சிவகளை, வைகைக் கரையில் கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். இங்கே கல்லைத் தேடுபவர் ஏமாந்து திரும்புவார். தரையைப் பார்க்க வேண்டும். மழை மேல்மண்ணை அரித்த சரளையில், தரைமட்டத்தில் செங்காவி நிறத்தில் ஒரு வளையம் தெரியும். கிட்டத்தில் குனிந்து பார்த்தால் அது சுட்ட மண்ணின் விளிம்பு என்பதும், அதன் உட்புறம் இன்னொரு மெல்லிய வளையம் இருப்பதும் புலப்படும். வெளி வளையம் தாழியின் வாய்; உள் வளையம் அதன் மேல் கவிழ்த்த மூடி உடைந்து உள்ளே இறங்கியது. வளையத்துக்குள் மண் நிறம் மாறி, சுற்றிலும் உள்ள மண்ணைவிட மென்மையாக இருக்கும். விரலளவு கூட நோண்டாதீர்கள். அந்த மென்மண்தான் ஆய்வகத்துக்குச் செல்ல வேண்டியது; தானியமும் கரியும் அதில்தான் இருக்கும்.

தாழி என்றவுடன் ஊரில் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு: சாவு வராமல் சுருங்கிப்போன கிழவர்களை உணவோடும் விளக்கோடும் உயிருடன் உள்ளே வைத்து மூடினார்கள் என்பது. இந்தக் கதையைச் சொல்பவரிடம் வாதிட வேண்டாம். ஆனால் உங்கள் அறிக்கையில் எழுதவும் வேண்டாம். பல தாழிகளில் கிடைப்பவை, உடல் வேறிடத்தில் சிதைந்த பின் பொறுக்கியெடுத்து வைத்த எலும்புகள். கொந்தகையில் குழந்தையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. சுடுவோர், இடுவோர், குழியில் படுப்போர், தாழ்ந்த இடத்தில் அடைப்போர், தாழியில் கவிப்போர் என்று மணிமேகலை சொல்லும் பட்டியல், ஒரே ஊரில் பல முறைகள் ஒருங்கே வழங்கின என்பதைக் காட்டுகிறது. அகழாய்வுகளும் அதையே காட்டுகின்றன. ஆகவே ஓர் இடத்தில் கல்வட்டமும் தாழியும் அடுத்தடுத்துக் கிடந்தால், ஒன்று பழையது, மற்றது புதியது என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை.

கடல் கடந்தும் இதே மரபு செல்கிறது. இலங்கையில் புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் உள்ள தாழிகளைப் பார்ப்பவருக்குத் தாமிரபரணிக் கரையின் நினைவு வராமல் இருக்காது. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த புதைப்பில், எலும்புக்கூட்டோடு பிராமி எழுத்தும் குறியீடுகளும் சேர்ந்த ஒரு முத்திரை கிடைத்தது. அது வயலில் உதிரியாகக் கிடைத்திருந்தால் யாருடைய முத்திரை, எக்காலத்தது என்று காலமெல்லாம் சச்சரவு நடந்திருக்கும்.

ஏமாற்றும் இடங்கள்

பழைய ஆட்டுப்பட்டியின் கல்வேலி, கதிரடித்த களத்தின் விளிம்பு, காவல் பரணின் அடித்தளம், பாறை தானாக வெடித்துச் சரிந்த குவியல் ஆகியவை கல்வட்டம் போல் தோன்றும். பட்டியின் வேலியில் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நுழைவதற்கு ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கும். ஈமவட்டத்தில் ஒற்றை வரிசையே பெரும்பாலும் இருக்கும், கற்களின் அடிப்பாகம் மண்ணில் நன்றாகப் புதைந்திருக்கும். வீரன் உருவமோ எழுத்தோ செதுக்கிய நடுகல் பெரும்பாலும் பிற்காலத்தது; ஆனால் அது பழைய ஈமக்காட்டிலேயே நடப்பட்டிருக்கலாம் என்பதால் அதைச் சுற்றியும் பாருங்கள். ஓர் ஐயமான வட்டம் தனியாக இருந்தால் பட்டியாக இருக்கலாம். நூறு மீட்டருக்குள் இன்னும் நான்கு வட்டங்கள் இருந்தால் ஐயத்தைக் கைவிடலாம். ஏரிக்கரையையும் ஒரு நடை நடந்து பாருங்கள். கரைக்குக் கல் தேவைப்பட்டபோது பக்கத்திலிருந்த வட்டங்களைப் பெயர்த்துப் போட்டது எத்தனையோ இடங்களில் நடந்திருக்கிறது.

ஓடுகளும் பிற பொருள்களும்

மேற்பரப்பில் சிதறிக் கிடக்கும் பானை ஓடுகளே உங்களுக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று. இவற்றுள் அடையாளமானது கருப்பு-சிவப்புப் பானை. உட்புறமும் வாய் விளிம்பும் கருப்பாகவும், வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பாகவும் இருக்கும். பானையைக் கவிழ்த்துச் சுட்டதால், காற்றுப் படாத உட்புறமும் சாம்பலிலும் தழையிலும் புதைந்த விளிம்பும் கரியேறின. காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. ஓட்டை எடுத்து உடைந்த விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். உள்முகத்திலிருந்து கருமை படர்ந்து, வெளிமுகத்தை நெருங்கும்போது சிவப்பாக மாறும் அந்த எல்லை பிசிறின்றித் தெரியும். வெளிமுகத்தைச் சாய்வாக வெயிலில் பிடித்தால், கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய மெல்லிய கோடுகள் மின்னும். அடுப்பில் புகைபடிந்து கருத்த இக்காலச் சட்டியின் ஓட்டில் கருமை வெளிப்புறத்தில் இருக்கும்; இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். கருப்பு-சிவப்புப் பானை குடியிருப்பிலும் கிடைக்கும் என்பதால், ஓடு மட்டும் கிடைத்த இடத்தைக் கல்லறை என்று எழுதிவிடக்கூடாது.

தாழியின் ஓடு தடிமனானது, சொரசொரப்பானது. கழுத்துப் பகுதியில் விரலால் அழுத்திய பள்ளங்கள் கயிறு முறுக்கியது போல் வரிசையாக ஓடும். ஈமப்பேழையின் ஓட்டில் உருளை வடிவக் கால்கள் ஒட்டியிருக்கும். கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்தது ஆட்டுத்தலை கொண்ட பேழை. கொங்குப் பகுதியில் செங்காவிப் பூச்சின் மேல் வெள்ளைக் கோடுகள் ஓடும் ஓடுகளையும் எதிர்பார்க்கலாம். கிண்ணங்களும், நான்கு கால் சாடிகளும், பானை தாங்கும் பிரிமனைகளும் ஈமப் படையலுக்கு உரியவை.

ஓட்டில் கீறல் குறியீடு இருந்தால் அது சுடுவதற்கு முன் போட்டதா, பின் போட்டதா என்பதைக் கவனித்து எழுதுங்கள். ஈர மண்ணில் கீறியிருந்தால் கோட்டின் இருமருங்கும் மண் ஒதுங்கி மெல்லிய வரப்பு எழும்பியிருக்கும், கோட்டின் அடியும் மேற்பரப்பின் நிறத்திலேயே இருக்கும். சுட்ட பின் கீறியிருந்தால் ஓரம் பொரிந்து, அடி வெளிறித் தெரியும். குறியீட்டுக்குப் பொருள் சொல்லும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. சிந்துவெளிக் குறியீடுகளோடு ஒப்புமை இருப்பதை ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். ஒப்புமை என்பது வாசிப்பு ஆகாது. உங்கள் வேலை குறியீட்டைச் சரியாக, அளவுகோலோடு, நிழல் விழாமல் படம் எடுப்பது.

இரும்பு கிடைத்தால் துருவைச் சுரண்டவே கூடாது. ஆதிச்சநல்லூர் இரும்புப் பொருள்களின் துருவில் துணியின் தடம் பதிந்திருந்தது. மரக் கைப்பிடியின் நரம்போட்டமும் துருவில்தான் தங்கியிருக்கும். பளபளப்பாக்கிக் காட்ட நினைப்பவர் அழிப்பது துருவை மட்டும் அன்று. மணிகளில் சூதுபவளம் எனப்படும் செந்நிறக் கல், பளிங்கு, கண்ணாடி ஆகியவை மழைக்குப் பின் சரளையில் மின்னும். கொடுமணலில் ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல் குஜராத் பகுதியிலிருந்து வந்திருக்க வேண்டும். நீலக்கல்லும் பச்சைக்கல்லும் அருகிலுள்ள சிவன்மலை, படியூர்ப் பகுதிகளிலேயே கிடைத்தன. இறந்தவர் ஒருவரோடு புதைத்த மணிகளில் தொலைதூர வணிகமும் உள்ளூர்த் தொழிலும் அருகருகே இருக்கின்றன.

எவ்வளவு பழமை என்ற கேள்வி

ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்; நேர்மையான பதில், பார்த்துச் சொல்ல முடியாது என்பதே. காலத்தை அறிய ஆய்வகத்தில் செய்யும் கரிமக் கணிப்புக்குக் கரி, தானியம் போன்ற உயிர்ப்பொருள் வேண்டும். கல்வட்டத்தின் கல் அதற்கு உதவாது. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த ஒரு கற்பதுக்கையில் நான்கு கால் சாடி ஒன்றில் சுமார் 2 கிலோ நெல் இருந்தது; அதே கல்லறையில் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனை இருந்தது. நெல்லைக் கணித்தபோது கி.மு. 490 என்று வந்தது. நெல்லும் எழுத்தும் ஒரே அறையில், கலையாத நிலையில் கிடைத்ததால்தான் எழுத்தின் காலத்தைப் பற்றி அந்த நெல் பேச முடிந்தது. சிவகளையில் ஒரு தாழியிலிருந்த நெல் உமி கி.மு. 1155 என்ற காலத்தைத் தந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியில் ஈமப்பேழையோடு தொடர்புடைய கரி கி.மு. 1692 என்று கணிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டு செல்கிறது. அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இந்த எண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். பெருங்கற்காலம் என்ற ஒரே பெயரின் கீழ் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வழக்கம் அடங்குகிறது. ஆகவே அறிக்கையில் பெருங்கற்கால ஈமச்சின்னம் என்று எழுதி நிறுத்துங்கள். 3,000 ஆண்டு, 4,000 ஆண்டு என்று ஊகித்து எழுதிய எண் நாளிதழ் தலைப்பாகிவிட்டால் பிறகு அதை யாராலும் திருத்த முடியாது.

பதிவு செய்யும் முறை

ஒவ்வொரு கல்லறைக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். செல்போனில் கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதினால் இடத்தை மீண்டும் கண்டுபிடிக்கப் போதும். கிராமம், வட்டம், புல எண் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் கோப்பு நகர்வது புல எண்ணால்தான், அட்சரேகையால் அன்று. வட்டத்தின் குறுக்களவை வடக்கு-தெற்காக ஒரு முறையும் கிழக்கு-மேற்காக ஒரு முறையும் அளங்கள். கற்களை எண்ணுங்கள், பெயர்ந்து போன கல்லின் குழி தெரிந்தால் அதையும் தனியே எண்ணுங்கள். மூடுகல் இருந்தால் நீளம், அகலம், தடிமன். இடுதுளை இருந்தால் திசை, வடிவம், குறுக்களவு. கல்லின் இனம் தெரியாவிட்டால், அக்கம்பக்கத்துப் பாறையைப் போன்றதா, வேறா என்று மட்டும் எழுதினாலும் அது தகவலே.

படம் எடுக்கும்போது அளவுகோலையும் வடதிசைக் குறியையும் வைத்து, முதலில் தூரத்திலிருந்து சுற்றுப்புறத்தோடும், பிறகு நான்கு திசையிலிருந்தும், கடைசியாக நுணுக்கங்களையும் எடுங்கள். கல்லின் மேல் சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ எண் எழுதும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். எண்ணைச் சிறு பலகையில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் போதும். மஞ்சள் குங்குமம் இட்டு வழிபடும் கல்லாக இருந்தால், வழிபடுபவரிடம் கேட்டுவிட்டே நெருங்குங்கள். எப்போது, யார், எதற்காக வழிபடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். வழிபாடு இருக்கும் கல்லைப் பெரும்பாலும் யாரும் உடைப்பதில்லை.

ஓடுகளைக் கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, பார்த்து முடித்ததும் அதே இடத்தில் வைத்துவிடுங்கள். குடியிருப்பு எங்கே இருந்திருக்கும் என்பதையும் சுற்றிப் பாருங்கள். சாம்பல் நிற மண்ணும் இரும்புக் கசடும் சிறு பானை ஓடுகளும் நிறைந்த மேடு, நீர்நிலைப் பக்கம் அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தொலைவில் பல இடங்களில் இருக்கிறது. கீழடிக்குக் கொந்தகை எப்படியோ, அப்படி அந்த மேட்டுக்கு இந்த ஈமக்காடு.

யாருக்குத் தெரிவிப்பது

வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர், மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலர், அருகிலுள்ள அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் ஆகியோருக்கு ஒரே கடிதத்தின் படிகளைப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் அறிவிக்கப்பட்ட இடங்களைக் காக்கின்றன. மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் உண்டு. அறிவிக்கப்படாத இடத்துக்கு இந்தக் கவசம் இல்லை. உங்கள் கடிதம் கோப்பாவது அதனால்தான் முக்கியம். மண்ணில் புதைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பத்திரமாக வைத்திருந்தேன் என்பது சட்டத்தின் முன் நல்ல பதில் அன்று.

ஜேசிபி வேலை நடந்துகொண்டிருக்கும்போது தாழி வெளிப்பட்டால் கடிதம் எழுத நேரம் இராது. வேலையாட்களிடம் சண்டை பிடிக்காமல், கிராம நிர்வாக அலுவலரைத் தொலைபேசியில் அழையுங்கள். அவர் வரும்வரை, வெட்டுப்பட்ட மண்சுவரை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எந்த ஆழத்தில் தாழி நிற்கிறது, மேலே எத்தனை மண்ணடுக்கு, ஒவ்வொன்றும் என்ன நிறம், தாழியைச் சுற்றிக் குழி வெட்டிய கோடு தெரிகிறதா என்பவை அந்தச் சுவரில் மட்டுமே இருக்கும். அடுத்த வாளி மண் விழுந்தால் போய்விடும். உடைந்த தாழியின் ஓடுகளை எல்லாம் பொறுக்கிச் சாக்கில் கட்டுவதைவிட, இந்தப் படங்கள் ஆய்வாளருக்குப் பல மடங்கு பயன்படும்.

கடிதத்துக்குப் பதில் வரத் தாமதமாகும். அதற்குள் ஊர்ப் பள்ளியில் உங்கள் படங்களைக் காட்டி, இடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள். முடிந்தால் மாணவர்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று ரீ சேகரித்த ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைக் காட்டலாம். ஆதிச்சநல்லூரிலேயே, அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்துத் தாழிகளைக் கிடந்த நிலையிலேயே காணச் செய்திருக்கிறார்கள், அதைக் காட்டுவது இன்னும் நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும், நீங்கள் பதிந்த இடத்துக்குத் திரும்பிச் சென்று, முதல் முறை நின்ற அதே புள்ளியிலிருந்து அதே திசையில் மீண்டும் படம் எடுங்கள். எந்தக் கல் நகர்ந்தது, எது காணாமற்போனது, புதிதாக எந்தக் குழி விழுந்தது என்பதைத் தேதியோடு எழுதி, முன்பு அனுப்பிய கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, அதே நான்கு அலுவலகங்களுக்கும் மறுபடியும் அனுப்புங்கள்.